திறக்கவே வேண்டாத தொட்டி

புது வீட்டுக்கு செப்டிக் டேங்க் பள்ளம் தோண்டுகிற அன்று வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை வருஷத்துக்கு நிறையாது?" காவிரிப் படுகையில் பல நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியையும் அதற்கு மேஸ்திரிகள் சொல்லும் பதிலையும் தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறேன். "சார், உங்க பேரன் காலத்துலதான் மூடியத் தொறக்கணும்" என்பார்கள். வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். எப்போது திறக்க வேண்டும், யார் திறப்பார்கள், எதைக் கொண்டு எடுப்பார்கள் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் கேள்விகள் ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்த செய்தியை இன்றும் பேப்பரில் படிக்க நேரும்போதெல்லாம் அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றும்.

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பழைய தெருக்களில் வீட்டுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி என்று போய்க்கொண்டே இருந்து கொல்லையில் முடியும். கொல்லையின் கடைக்கோடியில் கக்கூஸ். அதன் பின்சுவரில் தரையை ஒட்டி முழ அகலத்தில் ஒரு திறப்பு. சிலர் தகரக் கதவு போட்டிருப்பார்கள், பலர் அதுவும் போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. இரண்டு தெருக்களின் கொல்லைகளுக்கு நடுவே ஓடும் அந்தச் சந்தில் ஒரு ஆள் நடக்கலாம், இடுப்பில் கூடையோடு ஒரு பெண் நடக்கலாம். அதற்கு மேல் இடம் கிடையாது. வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல், யார் நடைபாதையையும் தொடாமல் மலத்தை எடுத்துப் போவதற்கென்றே விடப்பட்ட சந்து அது. எங்கள் அலுவலக வரைபடங்களில் ஒவ்வொரு சந்தும் கோடு கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இவற்றை எடுப்புக் கக்கூஸ் என்போம். காந்திகிராமத்தில் சுகாதார ஆய்வாளர் பயிற்சி முடித்து எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தபோது, என் வார்டில் பாதிக்கு மேல் இந்த வகைதான். விடிவதற்கு முன் பெண்கள் வருவார்கள். கையில் வளைத்த தகரத் துண்டு, தென்னந்துடைப்பம், கொஞ்சம் சாம்பல். திறப்பு வழியாகக் கையை விட்டு வழித்து, வாளியிலோ கூடையிலோ போட்டு, சந்து முனையில் நிற்கும் வண்டியில் கொட்டுவார்கள். வண்டி ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்குப் போகும். மழைக்காலத்தில் கூடை ஒழுகும். தோளிலும் முதுகிலும் வடியும். வாரச் சம்பளத்துக்கு முன்பணம் கேட்க அலுவலகத்துக்கு வரும்போதும் அவர்கள் வாசல் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இருபத்து மூன்று வயதுப் பையனான என்னைத் தாய் வயதிருக்கும் அவர்கள் "சாமி" என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட வேண்டாம் அம்மா என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "பழகிடுச்சு சாமி" என்பார்கள்.

இந்த ஏற்பாடு ஆதிகாலத்தில் இருந்தே வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சாதியும் தீண்டாமையும் பழையவைதான். அதைச் சம்பளப் பட்டியலில் ஏற்றி, வார்டு பிரித்து, மேற்பார்வையாளரை நியமித்து ஒரு துறையாக்கியது நகராட்சி. சென்னை மாகாணத்தில் 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1866இல் கும்பகோணமும் தஞ்சாவூரும் நகராட்சிகளாயின. துப்புரவு அவற்றின் முதல் வேலைகளில் ஒன்று. வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் போய்க்கொண்டிருந்த ஊர், நெருக்கமாகக் குடியேறி வீட்டுக்குள்ளேயே கழிப்பிடம் வைத்துக்கொண்டபோது அதை அள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். உள்ளூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரையும், தெலுங்குப் பகுதிகளிலிருந்து வரவழைத்த குடும்பங்களையும் ஊரின் விளிம்பில் வரிசை வீடு கட்டிக் குடிவைத்தார்கள். அப்பா வேலை மகனுக்கு, மாமியார் வேலை மருமகளுக்கு. அந்த வரிசைகளில் இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன.

சுதந்திரம் வந்த பிறகு இதை ஆராயக் குழுக்கள் அமைந்தன. பம்பாய் மாகாணத்தில் 1949இல் பார்வே குழு, மத்திய அரசு 1957இல் அமைத்த மல்கானி குழு. தலையில் சுமப்பதை உடனே நிறுத்த வேண்டும், வண்டியும் மூடிய வாளியும் கையுறையும் தர வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்களுக்கு வண்டி வந்தது. கையுறை வந்ததாக எனக்கு நினைவில்லை. கருவியை மாற்றினால் மட்டும் இது தீராது, கக்கூஸையே மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மாற்றத்துக்கு முன்னால் வைக்கப்பட்ட பொருள்தான் செப்டிக் டேங்க்.

அதன் பிறப்பு பிரான்சில். வெசூல் என்ற ஊரில் ழான் லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் ஒரு வீட்டுக்குக் கல்கட்டிடத் தொட்டி ஒன்று கட்டினார். வீட்டுக் கழிவெல்லாம் அதில் விழுந்து, தேங்கி, பிறகு வழிந்து வெளியே போகும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, தொட்டி நிறையத் திடக்கழிவு கிடக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அங்கே மிகக் கொஞ்சமே இருந்தது கண்டு வியப்பு. மூரா 1881இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அபே முவாஞோ என்ற அறிவியல் ஆர்வமுள்ள பாதிரியார், மனிதக் கை படாமல் தானாகவே கழிவை ஒழித்துவிடும் சாதனம் என்று தம் பத்திரிகையில் அதைக் கொண்டாடினார். இங்கிலாந்தில் எக்ஸிட்டர் நகரத்தின் பொறியாளர் டொனால்ட் கேமரன் 1895இல் அதே கருத்தைப் பெரிதாக்கி, தெருச் சாக்கடைக்கே அப்படி ஒரு தொட்டி கட்டினார். செப்டிக் டேங்க் என்ற பெயர் அவர் வைத்தது. தொட்டியில் பிறக்கும் வாயுவைக் கொண்டு அங்கே விளக்கும் எரித்தார்கள். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மலத்தை முழுக்கக் கரைத்து நீராகவும் வாயுவாகவும் ஆக்கிவிடும், மிச்சம் எதுவும் இராது என்பதுதான் அன்றைய நம்பிக்கை.

நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. பிரிட்டனில் 1898இல் அமர்த்தப்பட்ட கழிவுநீர் ஆணையம் ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்து, தொட்டி எல்லாவற்றையும் செரிக்காது, ஒரு பகுதி மண்டியாகக் கீழே தங்கும், அதை அவ்வப்போது எடுத்தாக வேண்டும் என்று எழுதிவைத்தது. பொறியாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். வீட்டுக்காரர்கள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வெசூலில் பிறந்த அந்த ஆசை நூற்றைம்பது ஆண்டு கடந்து எங்கள் ஊர் மேஸ்திரியின் வாயில் உயிரோடு இருக்கிறது.

இந்தியாவுக்குத் தொட்டி சீக்கிரமே வந்துவிட்டது. பம்பாயில் மாதுங்கா தொழுநோயாளர் இல்லத்தில் 1897லேயே இப்படிப்பட்ட தொட்டி அமைத்து, அதில் எழும் வாயுவை எரிக்கப் பயன்படுத்தினார்கள். கல்கத்தாவுக்கு அருகே ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைகள் வரிசையாக எழுந்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு செப்டிக் டேங்க் கக்கூஸ்கள் கட்டப்பட்டன. வழிந்த நீர் நேரே ஆற்றில் விடப்பட்டது. கங்கை நீரில் இது கலப்பதா என்று ஊரார் கொதித்தார்கள். வழிநீர் தூய்மையானதுதான் என்று ஆலை முதலாளிகள் வாதிட்டார்கள். வழிநீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் நோய்க்கிருமிகள் சாவதில்லை என்பது பிற்பாடு ஐயமறத் தெரிந்துவிட்ட விஷயம். ஆனாலும் இன்றைக்கு எங்கள் தெருக்களில் டேங்க் குழாயைச் சாக்கடையில் சொருகிவிட்டு, "தெளிஞ்ச தண்ணிதானே சார்" என்று சொல்கிறவர்கள் அந்த ஆலை முதலாளிகளின் வாதத்தை அப்படியே திரும்பச் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கம் முதலில் ரயில்வே குடியிருப்பிலும் அரசு ஆஸ்பத்திரியிலும்தான் டேங்க் இருந்தது. பிறகு வசதியானவர்களின் மாடி வீடுகளில். பரவலாக வந்தது எண்பதுகளில். எடுப்புக் கக்கூஸை இடித்துத் தண்ணீர்க் கக்கூஸாக மாற்ற மானியமும் கடனும் கலந்து கொடுக்கும் குறைந்த செலவுக் கழிப்பிடத் திட்டம் 1980–81இல் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் அரசு பரிந்துரைத்தது செப்டிக் டேங்க் அன்று, இரட்டைக் குழி. ஒரு குழியை மூன்று ஆண்டு வரை பயன்படுத்தி மூடிவிட்டு அடுத்ததற்கு மாற வேண்டும். மூடிய குழி ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆறினால் உள்ளே இருப்பது வாடையில்லாத உலர்ந்த எரு. அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வாழைக்குப் போடலாம். சுலப் இயக்கத்தின் பிந்தேஸ்வர் பாடக் நாடெங்கும் எடுத்துச் சென்றது இந்த வகையைத்தான்.

வீடு வீடாகப் போய் இதை விளக்குவது என் வேலையாக இருந்தது. நான்கடி ஆழக் குழியைப் படம் போட்டுக் காட்டியதும் முகம் சுருங்கும். "இத்தனூண்டு குழி எந்த மூலைக்கு? சீக்கிரம் நெறஞ்சிடுமே!" பிறகு அந்த முக்கியமான கேள்வி வரும்: "நானா அள்ளணும்?" எரு ஆகிவிடும், மண்தான் என்று சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. எடுப்பது இன்னொருவர் வேலை என்று தலைமுறை தலைமுறையாக இருந்த வீட்டில், எடுக்கவே தேவையில்லாத தொட்டி என்ற பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். டெல்டாவில் நிலத்தடி நீர் மேலே இருப்பதால் குழிகள் எல்லா இடத்துக்கும் ஒத்துவரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்து எங்கள் ஊர்களை டேங்க் ஊர்களாக்கின.

டேங்குக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீர் ஆழம் போதும் என்று அது சொல்கிறது. ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். அடியில் கான்கிரீட் போட்டு, உள்ளே பூசி, உள்வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் டீ பைப் வைத்து, வழிநீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். வீட்டுத் தொட்டியை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மண்டி எடுக்க வேண்டும் என்பதை வைத்துத்தான் இந்த அளவே வகுக்கப்பட்டது. இப்படிச் சின்னதாகக் கட்டிய வீடு ஒன்றைக்கூட என் வார்டுகளில் நான் பார்க்கவில்லை. பத்தடி நீளம், ஆறடி அகலம், எட்டடி ஆழம் என்பது சாதாரணம்; பதின்மூவாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். போதாக்குறைக்கு அடி போடுவதில்லை. வெறும் மண்ணில் சுவரை எழுப்பிவிட்டால் தண்ணீரைப் பூமி குடித்துவிடும், தொட்டி நிறையாது. உறை இறக்கிய டேங்க் என்றால் உறைகளின் இடுக்கையும் பூசாமல் விட்டுவிடுவார்கள். பக்கத்திலேயே குடிநீர்க் கிணறு இருக்கும். மஞ்சள் காமாலை பரவுகிற ஆண்டுகளில் கிணற்று நீரை மாதிரி எடுத்து அனுப்பும்போது முடிவு என்ன வரும் என்று எனக்கு முன்பே தெரியும்.

தொட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழுவது மூன்று அடுக்காகப் பிரியும். கனமானது கீழே மண்டியாக இறங்கும். எண்ணெய்ப் பசையும் இலேசானதும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் நீர், வெளியேறுவது அது மட்டும்தான். நுண்ணுயிர்கள் மண்டியைத் தின்று குறைத்தாலும் மிச்சம் சேர்ந்துகொண்டேதான் வரும். ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டரிலிருந்து 80 லிட்டர் வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். மண்டியும் ஆடையும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுக்க வேண்டிய நேரம். நான்கு பேர் வாழும் வீட்டில் மூவாயிரம் லிட்டர்த் தொட்டி என்றால் ஆயிரம் லிட்டர் மண்டி சேர மூன்றிலிருந்து ஆறு ஆண்டு. அதே வீட்டில் பதின்மூவாயிரம் லிட்டர்த் தொட்டி கட்டினால் பதின்மூன்று முதல் இருபத்தேழு ஆண்டு. மேஸ்திரி சொன்ன பேரன் காலம் இதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது ஆண்டு கிடந்த மண்டி இரண்டு ஆண்டு மண்டியாக இருப்பதில்லை. அடி அடுக்கு இறுகிக் களிமண் பதத்துக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் சமையல் தண்ணீரும் குளித்த தண்ணீரும் பெரும்பாலும் தனியாகச் சாக்கடைக்கோ வாழைக்கோ போய்விடும். கக்கூஸ் தண்ணீர் மட்டுமே டேங்குக்கு. அடியில்லாத தொட்டியில் அந்த நீரையும் மண் இழுத்துக்கொள்ளும்போது மண்டி இன்னும் கெட்டிப்படும். கூடவே துணி, நாப்கின், முடி, குழந்தை போட்ட பொம்மை. லாரியின் பம்ப் நீரை இழுக்கும், கஞ்சிப் பதத்தை இழுக்கும், களிமண்ணை இழுக்காது. அப்போது ஓட்டுநர் மேலே நின்று மூங்கில் கழியால் கலக்குவார், தண்ணீரைப் பீய்ச்சுவார். அதற்கும் அசையாவிட்டால் வீட்டுக்காரர் சொல்வார்: "யாராச்சும் ஒரு ஆள எறக்கி மண்வெட்டியால வெட்டி எடுத்துட்டா முழுசா சுத்தமாயிடும், கூலிய சேர்த்துத் தர்றேன்." நிறையவே கூடாது என்று கட்டிய தொட்டிதான் கடைசியில் மனிதனை உள்ளே இறக்கக் கேட்கிறது. வாளியிலிருந்து விடுதலை தருவதாகச் சொல்லி வந்த பொருள் இது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. வாளி எடுத்த அம்மாக்கள் நோயில் மெல்ல மெல்லத் தேய்ந்தார்கள். அவர்கள் பேரன்கள் நிமிடங்களில் போய்விடுகிறார்கள்.

நிமிடங்களில் என்பது மிகைச்சொல் கிடையாது. மண்டியைக் கலக்கியவுடன் அதற்குள் அடைந்திருந்த ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு ஏறினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று இறங்குகிறவர் நினைப்பார். இன்னும் ஏறினால் இரண்டு மூன்று மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். மீத்தேனும் கரியமில வாயுவும் சேர்ந்து உயிர்வாயுவைத் தள்ளிவிட்டிருக்கும். விழுந்தவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ இறங்குவார், அவரும் விழுவார். மூன்று பேர், நான்கு பேர் என்று செய்தியில் வருவது இப்படித்தான். விளக்கை இறக்கிப் பார்ப்பது, ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைப்பது என்றெல்லாம் ஊரில் வழக்கங்கள் உண்டு. மீத்தேன் உள்ள இடத்தில் விளக்கு வெடிக்கும். திறந்து வைத்த தொட்டி கலக்காத வரைதான் சாதுவாக இருக்கும்.

சட்டங்கள் வந்தன. எடுப்புக் கக்கூஸையும் கையால் மலம் அள்ளுவதையும் தடை செய்த சட்டம் 1993இல். ஆனாலும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஊர்களில் வாளி ஓடியது. கோலார் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சன், தம் குடும்பமே செய்துவந்த இந்த வேலையை ஒழிக்கப் படமெடுத்து, வழக்குப் போட்டு, ஊர் ஊராகக் கக்கூஸை இடித்தார். அவருடைய அமைப்பான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இந்தத் தீர்ப்புகளுக்கு முன் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் தொட்டியையும் தெளிவாகச் சேர்த்தது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்தக்காரர் மட்டும் மாட்டுவார் என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். நேரடியாகவோ மறைமுகமாகவோ யாரும் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது சட்டம். அந்த "யாரும்" என்பதில் கூலியைச் சேர்த்துத் தருகிறேன் என்றவரும் அடங்குவார்.

லாரிகள் எங்கள் ஊர்களுக்குத் தொண்ணூறுகளில் வந்தன. தனியார் லாரிகள்தான், பழைய தண்ணீர் லாரியில் வெற்றிட பம்ப் பூட்டியவை. அவை வந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. ஆனால் முதல் தடை எங்கே வந்தது என்றால் அந்தச் சந்தில். கக்கூஸ் கொல்லையில், டேங்கும் கொல்லையில். கூடை சுமக்கும் பெண் நடக்க விட்ட வழியில் லாரி நுழையாது. முன்தெருவில் லாரியை நிறுத்தி, குழாயை ரேழி, கூடம், அடுக்களை வழியாக நூறடிக்கு மேல் இழுத்துப் போக வேண்டும். பூஜை அறையைத் தாண்டி அந்தக் குழாய் போவதைச் சகிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. சந்தையோ அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் கொல்லையோடு சேர்த்துக்கொண்டிருப்பார்கள். லாரிக் குழாய் எட்டாத வீடுகள் எவையோ அவற்றில்தான் ஆளை இறக்கும் பேச்சு முதலில் எழுகிறது. எடுப்புக் கக்கூஸை இடித்தோம். அதற்காக வகுத்த தெருவை யாரும் மாற்றவில்லை.

அடுத்த தடை மூடி. வாயு மூலையில் டேங்க் வர வேண்டும் என்பார் வாஸ்து பார்ப்பவர். வீட்டை நீட்டிக் கட்டும்போது அந்த மூலை போர்ட்டிகோவாகும், மேலே டைல்ஸ் போடுவார்கள், கார் நிற்கும். தொட்டியின் வாய் எங்கே என்று கேட்டால் அப்பாவுக்குத்தான் தெரியும் என்பார்கள், அப்பா காலமாகியிருப்பார்.

லாரி எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்பது இன்னொரு வருத்தமான பக்கம். இரவில் வாய்க்காலிலும் ஏரியிலும் புறவழிச்சாலை ஓரத்திலும்தான். தமிழ்நாட்டில் இதை ஒழுங்குபடுத்த வழிகாட்டு நெறிமுறைகள் 2014இல் வந்தன. மதுராந்தகத்துக்கு அருகே கருங்குழியில் கசடுக்கென்றே கட்டிய சுத்திகரிப்பு நிலையம் 2017இல் இயங்கத் தொடங்கியது. லாரி கொட்டுவதை உலர்களங்களில் காயவைத்து, நீரைத் தனியே வடித்துச் சுத்தம் செய்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை போய்ப் பார்த்தேன். உலர்ந்த கசடைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். உரக்கிடங்கில் வண்டி கொட்டிய நாட்களைப் பார்த்தவனுக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. பிறகு இன்னும் பல ஊர்களில் இப்படி நிலையங்கள் வந்திருக்கின்றன. ஊருக்கு ஊர் இது வேண்டும், லாரி ஓட்டுநர் இரவில் ஒளிந்து கொட்ட வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

இப்போதும் அக்கம்பக்கத்தில் யாராவது, டேங்க் எடுக்கலாமா சார் என்று கேட்டு வருகிறார்கள். கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது என்று ஐப்பசி அடைமழையில் வருகிறவர்களே அதிகம். அது மிகத் தவறான காலம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, ஆறும் வாய்க்காலும் ஓடி, பிறகு வடகிழக்குப் பருவமழையும் சேரும்போது நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அடியில்லாத தொட்டியில் எடுக்க எடுக்க ஊறும். அடியுள்ள தொட்டியைக் காலி செய்தால் சுற்றியுள்ள நீர் சுவரை நெருக்கும், இலேசான தொட்டியானால் தூக்கியும் விடும். எல்லோரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவதால் லாரி ஆளும் அவசரத்தில் இருப்பார், அவசரத்தில்தான் விபத்து. சித்திரையிலோ வைகாசி முதல் பாதியிலோ எடுத்துவிடுங்கள் என்று சொல்வேன்.

எடுக்க வேண்டுமா என்று பார்ப்பதும் கடினமில்லை. உள்ளே குனியாமல், முகத்தை மூடிவாய்க்கு மேல் நீட்டாமல், பீடி சிகரெட் பற்றவைக்காமல் நின்றுகொண்டு செய்யலாம். நீண்ட கழியின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றிக் கட்டி, வெளியேறும் குழாய்ப் பக்கத்து மூடி வழியாக அடி தட்டும்வரை மெல்ல இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து எடுத்தால் மண்டி நின்ற உயரம் வரை துணியில் கறுத்திருக்கும். வெளியேறும் டீ பைப்பின் அடிவாய்க்கும் அந்தக் கறுப்புக்கும் இடையே ஒரு அடி கூட இல்லை என்றால் இனித் தள்ளிப்போடக் கூடாது. எடுக்கும்போது அடியில் ஒரு அங்குலம் விட்டுவிடலாம். அடுத்த சுற்றுக்கு நுண்ணுயிர் அதிலிருந்தே வரும். பளபளவென்று கழுவச் சொல்ல வேண்டாம், ஆசிட்டும் பினாயிலும் ஊற்ற வேண்டாம். கழுவச் சொல்லும் பேச்சில்தான் ஆள் இறங்குகிறார். புதிதாகக் கட்டிய தொட்டியில் கொஞ்சம் சாணத்தைக் கரைத்து ஊற்றுவது நம் ஊர் வழக்கம். தர நிர்ணயமும் அதை ஒப்புக்கொள்கிறது. மற்றபடி கடையில் விற்கும் பொடிகள் மண்டியைக் காணாமல் ஆக்கிவிடும் என்று நம்பி லாரியைக் கூப்பிடாமல் இருக்கக் கூடாது.

எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளில் டைல்ஸை உடைத்து மூடியை வெளியே கொண்டுவர வைத்துவிட்டேன். கொல்லையில் டேங்க் இருக்கும் பழைய வீடுகளுக்கு வேறு வழி செய்ய வேண்டியிருந்தது. தொட்டியிலிருந்து பக்கச் சுவர் ஓரமாக வாசல் வரை நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் புதைத்து, வாசலில் திருகு மூடி போட்டோம். லாரி முன்தெருவில் நின்றே இழுக்கிறது. யாரும் கூடத்தைத் தாண்ட வேண்டாம். குழாய் அவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமானால் மண்டி இளக்கமாக இருக்க வேண்டும், அதனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தே தீர வேண்டும் என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். வாசல் மீட்டர் பெட்டியின் உள்கதவில் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் பெயிண்டில் எழுதி வைக்கிறார்கள். எதிர்வீட்டில் வரும் சித்திரையோடு மூன்றாண்டு முடிகிறது. லாரிக்கு இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்கள்.